நடுச்சாம்பல்

ராயக்கோட்டை சாலையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை.
சன்னலுக்குத் திரை ஒரு பழைய ஃப்ளெக்ஸ்,
யாருடையதோ காதணி விழா,
குழந்தை வெளிப்பக்கம் பார்த்துச் சிரிக்கிறது.
வெயில் மாறினால் மானிட்டர் பொய் சொல்லும்,
அதனால் பகலை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.
ட்யூப்லைட்டும் அணைத்தாயிற்று.
அதில் கொஞ்சம் பச்சை.

ஜெகதேவி யார்டிலிருந்து
நரசிம்மலு படம் அனுப்புவார்,
நீலத் தார்ப்பாயின் கீழ் எடுத்தவை.
மெருகேற்றிய கிரானைட் பலகைகள் எல்லாம்
குளிரில் விறைத்த உதடு மாதிரி வந்து இறங்கும்.
அந்தக் கல்லுக்கு அயல்நாட்டில் ஒரு பெயர் உண்டு,
சொர்க்கம் என்று அர்த்தமாம்.
யார்டில் ஊதா என்றால் போதும்.
என்னைக் கேட்டால்
நாவல்பழம் தின்று அரைமணி கழித்த நாக்கு.

போன கன்டெய்னருக்குப் போலந்துக்காரர் எழுதினார்:
படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு.
இரண்டு லட்சம் பிடித்தம்.
"பளிச்சுனு பண்ணும்மா" என்றிருந்த நரசிம்மலு
அன்றிலிருந்து "உள்ளது உள்ளபடி" என்கிறார்.
உள்ளது எது என்று ஸ்லைடரைக் கேட்டால்
இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் மஞ்சள்,
நடுவில் ஒரு பூஜ்யம்.
அதுவும் யாரோ வைத்தது.

நிறத்தைப் பிடிக்க
நிறமில்லாத ஒன்று வேண்டும்.
அதன்மேல் சொட்டுக்குழாயை வைத்து
இது சாம்பல், எந்தப் பக்கமும் சாயாதது என்று
மென்பொருளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தால்
மற்றதெல்லாம் தன் இடத்துக்குத் தானே நடக்கும்.

தேடினேன்.
தரையில் துரு.
கிரேன் மஞ்சள். பின்னால் மாந்தோப்பு.
ஓரத்தில், பலகையைத் தாங்கியபடி
பாதி உடம்போடு ஒரு ஆள்.
சட்டை ஒருகாலத்தில் என்ன நிறமோ,
அறுத்த கல்லின் தூள் படிந்து படிந்து
இப்போது எதுவும் இல்லை.
தோள்பட்டையில் கிளிக் செய்தேன்.
சிவப்பு, பச்சை, நீலம்
மூன்றும் நூற்றி நாற்பத்திரண்டில் வந்து நின்றன.
திரையை ஒரு சாண் விலக்கி
மேசைமேல் கிடந்த மாதிரித் துண்டைப் பார்த்தேன்.
அதேதான். அந்த நாக்கேதான்.

எட்டு நாள், அறுபது பலகை,
எல்லாம் அந்தத் தோளில்தான் சரியாயின.
சரியானதும் க்ராப்.
கேட்லாக்கில் ஆளுக்கு இடமில்லை.

ஒருநாள் படத்தில் அவர் இல்லை.
போன் போட்டேன்.
"அந்தச் சாம்பல் சட்டைக்காரர ஓரமா நிறுத்துங்க,
எல்லாப் படத்துலயும்."
"திம்மராயனயா? ஏம்மா, எதுனா தப்பா?"
"தப்பில்லீங்க. அவரு சட்ட வேணும்."
சிரித்தார்.
அவரிடம் போய் என்ன சொன்னாரோ.

இன்று மெயில் திறந்தால்
திம்மராயன் முழு உடம்போடு நிற்கிறார்.
வெள்ளைச் சட்டை.
நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு அலசி
கைமடிப்பு கலையாமல்.
தலை வாரியிருக்கிறார்.
பலகையை விட்டுவிட்டு
கேமராவைப் பார்க்கிறார்.

கிளிக் செய்தேன்.
ஊதா முழுதும் மாம்பழக் கூழாய் மஞ்சளாகிவிட்டது.
கன்ட்ரோல் இசட்.
இன்னொரு முறை, காலரில்.
கன்ட்ரோல் இசட்.

அஞ்சு மணிக்குள் கேட்லாக் போகவேண்டும்.
நானூறு சதவீதம் பெரிதாக்கி
நெற்றியிலிருந்து மெல்ல இறங்குகிறேன்.
எண்ணெய் மினுக்கு.
புருவத்தில் இல்லை, நன்றாகத் தேய்த்திருக்கிறார்.
தாடையில் காலையில் பட்ட பிளேடு கீறல்,
நகக்கண்ணும் சுத்தம்.
வலது காது மடலுக்குள்
துண்டு எட்டாத ஒரு மடிப்பில்
நாலு பிக்சல் இருக்கிறது.

சொட்டுக்குழாயை அங்கே வைத்திருக்கிறேன்.
இன்னும் அழுத்தவில்லை.